சுத்தியலுக்குப் பின்னால் ஒரு கணக்கு

கையால் தகடு தட்டிக் காருக்கு உடல் செய்கிறவரை எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் பாராட்டுகிறார்கள். கைராசிக்காரர் என்பார்கள், பிறவியிலேயே வந்த வித்தை என்பார்கள். கேட்க இதமாக இருக்கும் இந்தப் பாராட்டு, ஒரு தொழிலைச் சத்தமில்லாமல் ஒழித்துக்கட்டக்கூடியது. வித்தை பிறவியில் வந்தது என்று முடிவு கட்டிவிட்டால் அதைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை. கற்க முயன்று தகட்டைக் கெடுத்தவரும் எங்கே தப்பு நடந்தது என்று தேட வேண்டியதில்லை. ‘நமக்கு வரவில்லை’ என்று சுத்தியலைக் கீழே போட்டுவிடலாம். அமெரிக்காவில் வீட்டு ஷெட்டுகளில் ‘ஹாட் ராட்’ கட்டுகிற பொழுதுபோக்காளர்களும், அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த சில கைவினைஞர்களும் கடந்த நாற்பது ஆண்டுகளில் இந்த மூடுமந்திரத்தைப் பெருமளவு உடைத்திருக்கிறார்கள். தட்டையான அலுமினியத் தகடு பானட்டாகவும் மூக்காகவும் வால்பகுதியாகவும் மாறுவதில் காரண காரியம் உண்டு, கணக்கு உண்டு, அதை எழுதிவைக்கவும் முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். கார் மோகம் இல்லாதவர்களும் கவனிக்க வேண்டிய விஷயம் இது. கைத்தொழில் அழிகிறதே என்று நாம் புலம்பும் இடங்களில் எல்லாம் வித்தை பிறவியில் வருவதா, கற்றுக்கொடுக்கக்கூடியதா என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது.

ஹாட் ராட் என்பது என்ன என்று முதலில் சொல்லிவிடலாம். 1930களில் தெற்கு கலிஃபோர்னியா இளைஞர்கள் மலிவாகக் கிடைத்த பழைய ஃபோர்டு கார்களை வாங்கி, மட்கார்டு போன்ற சுமைகளைக் கழற்றிப் போட்டு, இன்ஜினுக்கு வலுவேற்றி, முரோக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் பந்தயம் விட்டார்கள். 1937இல் அவர்களுடைய கிளப்புகள் சேர்ந்து தெற்கு கலிஃபோர்னியா டைமிங் சங்கத்தை அமைத்தன. 1932 ஃபோர்டும் அதில் வந்த 65 குதிரைத்திறன் வி-8 இன்ஜினும் இன்றுவரை கொண்டாடப்படுகின்றன. அதே பத்தாண்டில் அதே பக்கத்தில் இன்னொன்று முடிவுக்கு வந்துகொண்டிருந்தது: பணக்காரர்களுக்குக் கையால் கார் உடல் கட்டிக்கொடுத்த பட்டறைத் தொழில். டூசன்பர்க் கார்களுக்கு உடல் கட்டிய பாசடீனாவின் மர்ஃபி நிறுவனம் 1932இல், பொருளாதார மந்தத்தின் நடுவில், மூடப்பட்டது. மறுபுறம் ஆலைகளின் பிரஸ்கள் ஒரே அழுத்தில் இரும்பு உடல் பாகங்களை அடித்துத் தள்ளின. 1932 ஃபோர்டு கூப்பேயின் கூரை நடுவில் துணி போர்த்திய திறப்பு இருக்கும். 1935இல் ஜெனரல் மோட்டார்ஸ் கூரை முழுவதையும் ஒரே இரும்புத் தகட்டில் அடித்துக் காட்டியது. சுத்தியல்காரர்களுக்கு மிஞ்சியவை லாஸ் ஏஞ்சலீஸ் பந்தயக் கார் பட்டறைகளும், போர் வந்ததும் விமான ஆலைகளும்தான். அங்கே கற்றவர்கள் ஓய்வுபெற்றபோது அவர்களுடைய அறிவும் அவர்களோடு வீட்டுக்குப் போயிற்று.

அந்த அறிவைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்துப் பொருத்துவதைப் பலர் பார்த்திருப்பார்கள். பஸ்ஸின் பக்கவாட்டுத் தகடு தட்டையாக இருக்கும், இல்லையென்றால் ஒரே திசையில் வளைந்திருக்கும். ஒரு திசையில் வளைப்பதற்குத் தகட்டின் பரப்பளவு மாற வேண்டியதில்லை. ஹாட் ராடின் மூக்கும் வால்பகுதியும் அப்படி அல்ல. நெடுக்கிலும் வளைகின்றன, குறுக்கிலும் வளைகின்றன. அங்கே பரப்பளவே மாறியாக வேண்டும். 60 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தகட்டின் விளிம்பை அசையவிடாமல், நடுவை 10 செ.மீ. உயரத்துக்குக் கோள வளைவாக எழுப்புவதாக வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூட வடிவியலே போதும்: பரப்பளவு 11 சதவீதம் கூடுகிறது. கூடுதல் பரப்பு தகட்டின் கனத்திலிருந்துதான் வர வேண்டும். 1.6 மி.மீ. தகடு சராசரியாக 1.44 மி.மீ. ஆகிவிடும். உயரத்தை 15 செ.மீ. ஆக்கினால் பரப்பு 25 சதவீதம் கூடும், கனம் 1.28க்கு இறங்கும். அதுவும் சராசரிதான், உச்சியில் இன்னும் மெலிந்திருக்கும். புதியவர் நடுவிலேயே அடித்து அடித்துத் தகட்டைக் கிழிப்பதும், பழகியவர் பாதி நேரம் ஓரத்திலேயே வேலை பார்ப்பதும் ஏன் என்பதற்கு விடை இந்த எண்களில் இருக்கிறது. நடுவை விரிப்பதற்குப் பதிலாக விளிம்பைச் சுருக்கினாலும் வளைவு எழும். அப்போது நடு மெலியாது, ஓரம் தடிக்கும்.

வளைப்பதைத் தள்ளிவிட்டால், விரிப்பதும் சுருக்குவதும் தவிர இந்த வேலையில் மூன்றாவது செயல் கிடையாது. விரிப்பதற்கு, ஈயக்குண்டோ மணலோ நிரப்பிய தோல் பையின்மேல் தகட்டை வைத்துக் கொட்டாப்புளியால் அடிப்பார்கள். குண்டும் குழியுமாகக் கிடக்கும் பரப்பைப் பிறகு ‘இங்கிலீஷ் வீல்’ என்னும் கருவியில் கொடுப்பார்கள்; மேலே தட்டையான பெரிய சக்கரம், கீழே லேசாகப் புடைத்த சின்னச் சக்கரம், இரண்டுக்கும் நடுவில் தகட்டை முன்னும் பின்னும் ஓட்ட ஓட்டச் சமனாகும். சுருக்குவதற்கு, விளிம்பைப் புடவைக் கொசுவம்போல் மடித்து, அந்த மடிப்பு திரும்ப விரிந்து ஓடிவிடாதபடி அடைத்துக்கொண்டு தட்டுவார்கள். உலோகம் தனக்குள்ளேயே அமுங்கித் தடிக்கும். எங்கே விரிப்பது, எங்கே சுருக்குவது? இதைத்தான் ‘கண் வேண்டும்’ என்று சொல்லி விட்டுவிட்டார்கள். அதற்கு ஒரு காகிதமே போதும். மரச் சட்டங்களால் செய்த மாதிரிக் கூட்டின்மேல் காகிதத்தைப் போர்த்தினால், ஓரம் சுருக்கம் சுருக்கமாக மடியும் இடத்தில் தகட்டைச் சுருக்க வேண்டும். காகிதம் படியாமல் விறைத்து நிற்கும் இடத்தில் கத்தரியால் ஒரு வெட்டு. வெட்டு எவ்வளவு வாய் திறக்கிறதோ அவ்வளவு அங்கே விரிக்க வேண்டும். மாசசூசெட்ஸில் கற்பிக்கும் ரே ஷெலின் பரப்பிய முறை இன்னும் ஒரு படி மேல். இருக்கும் பழைய பாகத்தின்மேல் ஒட்டுநாடாக்களை அடுக்கடுக்காக ஒட்டி, ஒரே தோலாக உரித்தெடுக்கிறார்கள். துவண்டு கிடக்கும் அந்தத் தோலில் வளைவு இல்லை, ஆனால் ஒவ்வோர் இடத்தின் பரப்பளவும் பதிந்திருக்கிறது. செய்துகொண்டிருக்கும் தகட்டின்மேல் அதைப் போர்த்தினால், தொளதொளக்கும் இடத்தில் தகடு இன்னும் விரிய வேண்டும். இறுக்கிப் பிடிக்கும் இடத்தில் மிஞ்சி விரிந்துவிட்டது. பல வருடம் தொழில் செய்தவரின் உள்ளங்கை தடவிப் பார்த்துச் சொன்ன தீர்ப்பை இப்போது ஒட்டுநாடா சொல்கிறது. உள்ளங்கைக்கு இதனால் அவமானம் ஒன்றும் இல்லை. அது எதை அளந்தது என்று நமக்கும் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

நெருப்பு வேலையிலும் இதே கதை. அலுமினியம் தட்டத் தட்ட இறுகும். இறுகிய பின்னும் அடித்தால் வெடிக்கும். நடுநடுவே காய்ச்சி இளக்க வேண்டும். இரும்பு என்றால் சிவந்து காட்டிக்கொடுக்கும். அலுமினியம் நிறமே மாறாமல் இருந்து, 650 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் பொத்தென்று ஓட்டையாகிவிடும். பட்டறைக்காரர்களின் உபாயம் இது: ஆக்சிஜன் சேர்க்காத அசிட்டிலின் சுடரால் தகட்டின்மேல் கரி படியவைப்பது, பிறகு சரியான சுடரால் அந்தக் கரி மறையும்வரை சூடேற்றுவது. கரி மறையும்போது தகடு 400 டிகிரியை ஒட்டி இருக்கும். இளகுவதற்கு அது போதும், உருகுவதற்கு இன்னும் தூரம் இருக்கிறது. காசில்லாமல் கிடைத்த வெப்பமானி என்று வைத்துக்கொள்ளலாம். தகடு வாங்குவதும் அப்படியே. வீட்டில் கட்டுகிறவர்களுக்கு அனுபவசாலிகள் பெரும்பாலும் சொல்வது 3003 கலவையில் அரைக்கடினத் தகடு. ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் மாங்கனீசு சேர்ந்தது, வெல்டிங்குக்குப் பணியும், எளிதில் இளகும். வலுவானது நல்லதுதானே என்று 6061-டி6 வாங்குகிறவர் முதல் மடிப்பிலேயே விரிசல் கண்டு தன் கையை நொந்துகொள்வார். குறை கையில் இல்லை, கடையில் கேட்ட எண்ணில் இருக்கிறது.

இவற்றில் பலவும் பழைய பட்டறைகளுக்குத் தெரிந்தவைதான். தெரிந்தவர்கள் காரணத்தையும் சேர்த்து வெளியே சொல்லத் தொடங்கியதுதான் புதிது. பந்தயக் கார்களுக்குத் தகட்டு வேலை செய்த ரான் ஃபோர்னியர் 1980களில் கையேடுகள் எழுதினார். கலிஃபோர்னியாவின் ரான் கோவல் ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி வகுப்புகள் நடத்தினார், கார் இதழ்களில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதினார். இன்னொரு தகட்டுக் கைவினைஞர் கென்ட் வைட் செய்ததுதான் என் வாதத்துக்கு மிக நெருக்கமான சான்று. அலுமினியத்தை கேஸ் வெல்டிங்கில் இணைப்பது எல்லாவற்றிலும் கடினமான வேலை என்று பெயர் எடுத்திருந்தது. ஆர்கான் வெல்டிங் வந்த பிறகும் உடல் கட்டுகிறவர்கள் அதைக் கைவிடவில்லை. கேஸ் ஒட்டு மென்மையானது, தட்டித் தகட்டோடு சமனாக்கிவிடலாம். ஆனால் ஒட்டுமிடத்தில் பூசும் ஃபிளக்ஸ் சூடாகும்போது அதிலுள்ள சோடியம் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு ஒளியைக் கக்கும், உருகும் உலோகம் அதற்குள் மறைந்துவிடும். முன்பு போட்ட நீலக் கண்ணாடி ஒளியை ஓரளவு மறைத்ததே தவிர, கண்ணுக்குப் போதிய காப்பு தரவில்லை. அந்த ஆரஞ்சு ஒளியை வடிகட்டும் கண்ணாடியை வைட் கொண்டுவந்தார். உருகுவது கண்ணுக்குத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. தலைமுறைகளாகக் கைத்திறன் என்று பேசப்பட்டதில் ஒரு பங்கு, சரியான கண்ணாடி இல்லாத குறை.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. சிறந்த அலுமினிய உடல்களைச் செய்தவர்கள் புத்தகம் படித்து வந்தவர்கள் அல்லர். பாய்ட் காடிங்டனின் பட்டறையிலிருந்து 1992இல் வந்த ‘அலுமா கூப்’ ஹாட் ராட் உலகில் பெரிய பெயர். அதன் அலுமினிய உடலைக் கையால் செய்தவர் மார்செல் டிலே. அவருடைய இரண்டு மகன்களும் அவரோடு நின்று வேலை பழகியே அதே தரத்துக்கு வந்தவர்கள். பக்கத்தில் நின்று, பார்த்து, திட்டு வாங்கிப் பழகுவதற்கு ஈடு உண்டா? தகட்டில் சுத்தியல் விழும் ஓசை மாறுவதை எந்தப் பக்கத்தில் அச்சடிப்பது? ஈடு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கணக்குத் தெரிந்த ஒருவர் முதல் நாளே நல்ல பானட் செய்துவிட மாட்டார். இங்கிலீஷ் வீலில் அழுத்தம் எவ்வளவு வைப்பது என்பது கை பழகினால்தான் வரும். ஆனால் மறுப்பாளர்கள் இரண்டு விஷயங்களைக் குழப்புகிறார்கள். பழக்கம் தேவை என்பது வேறு, காரணம் சொல்ல முடியாது என்பது வேறு. தந்தை மகனுக்குக் கற்றுக்கொடுப்பதும் காரணம் சொல்லித்தான். என்ன, அதைக் கேட்பவர் இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் வேறு வேலைக்குப் போய்விட்டால் சங்கிலி அறுந்தது. எழுதி வைத்த காரணம், பட்டறையே இல்லாத ஊரில் இருப்பவருக்கும் போய்ச் சேருகிறது. தன் தப்பைத் தானே படித்துக்கொள்ள அவருக்கு ஒரு வழி கொடுக்கிறது. நம் ஊர் டிங்கரிங் கடைகளில் ஐந்தாறு வருடம் எடுபிடியாக நின்ற பையன்களில் எத்தனை பேர் காரணம் தெரியாமலே விலகிப்போனார்கள் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. எடுத்தால், கை வராததால் போனவர்களைவிடச் சொல்லிக்கொடுக்காததால் போனவர்களே அதிகம் இருப்பார்கள் என்பது என் ஊகம்.

இரண்டாவது மறுப்பு: இதெல்லாம் எதற்கு? 1932 ஃபோர்டு மாதிரியே ஃபைபர்கிளாஸ் உடல்கள் பல பத்தாண்டுகளாக விற்கின்றன. ஒஹாயோவின் புரூக்வில் நிறுவனம் அதையே புது இரும்புத் தகட்டில் அச்சு அசலாக அடித்துத் தருகிறது. வாங்கி மாட்டிக்கொள்ளலாமே? தாராளமாக மாட்டிக்கொள்ளலாம், பலரும் அதைத்தான் செய்கிறார்கள். 1932இல் ஃபோர்டு வரைந்த உருவமே போதும் என்பவருக்குச் சுத்தியல் தேவையில்லை. ஆனால் காரின் மூக்கு கொஞ்சம் தாழ வேண்டும், புதிய இன்ஜினுக்காகப் பானட் பக்கத்தில் புடைக்க வேண்டும் என்று நினைத்த நொடியில் கடைச் சரக்கு தீர்ந்துபோகிறது. உலகத்தில் ஒன்றே ஒன்று வேண்டும் என்றால் அதற்காகப் பிரஸ் அச்சு செய்ய முடியாது. அச்சுக்கு ஆகும் செலவு ஆயிரக்கணக்கான கார்களில் பரவினால்தான் கட்டும். எடையிலும் லாபம் உண்டு: அலுமினியத்தின் அடர்த்தி இரும்பினுடையதில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று, இரும்பைவிடத் தடிமனான தகடாக எடுத்தாலும் பாதி எடைக்கு அருகில் முடிகிறது. இரும்புச் சட்டத்தோடு அலுமினியம் நேராகத் தொடும் இடத்தில் ஈரம் புகுந்தால் அரிக்கும், நடுவே ரப்பரோ பெயின்டோ வைக்க வேண்டும். இந்தத் தொல்லையையும் மறைக்கக் கூடாது. ரோபோ கை தகட்டைச் சிறுகச் சிறுக அழுத்தி, அச்சே இல்லாமல் உருவம் கொடுக்கும் முறையும் இப்போது வந்துவிட்டது. அது மலிவானால் ஒற்றைப் பாகம் செய்வதற்குச் சுத்தியல்தான் வழி என்ற காரணம் பலவீனப்படும். அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ரோபோவுக்கு நிரல் எழுதுகிறவரும் தகடு எங்கே மெலியும், எங்கே கிழியும் என்ற அதே கணக்கில்தான் வந்து நிற்பார்.

பணக்காரர் பொழுதுபோக்கு என்ற குற்றச்சாட்டை நீட்டி முழக்க வேண்டியதில்லை. முழுக் காரையும் பெயர்பெற்ற பட்டறையில் கொடுத்துச் செய்தால் சொத்தே கரையும், உண்மைதான். அமெரிக்காவின் பழைய பட்டறைகள் நம்பியிருந்த பெட்டிங்கெல், யோடர் வகை பவர் ஹாமர்களை வீட்டில் வைக்கவும் முடியாது. ஆனால் தோல் பை, கொட்டாப்புளி, நடுவில் குழி வெட்டிய மரக்கட்டை, சில நூறு டாலருக்குக் கிடைக்கும் சாதாரண இங்கிலீஷ் வீல். இவற்றை வைத்துக்கொண்டே பானட்டும் மூக்கும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பொழுதுபோக்கில் செலவாவது பெரும்பாலும் மாலை நேரம்.

பாதுகாப்பு பற்றிய கவலை அதைவிட நியாயமானது. வீட்டில் கட்டிய வண்டி சாலைக்கு வருகிறது, அடுத்தவர் உயிர் இருக்கிறது. இங்கே எதை வீட்டில் செய்கிறோம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய பாணி ஹாட் ராடில் பாரம் தாங்குவது அடியில் இருக்கும் இரும்புச் சட்டம். மேலே போர்த்திய அலுமினியத் தகடு அல்ல. ஸ்டியரிங்கில் ஒரு வெல்டிங் தவறினால் உயிர் போகும். மூக்குத் தகட்டில் தவறினால் அசிங்கமாக இருக்கும், வெட்டியெடுத்து வேறு ஒட்டலாம். கற்றுக்குட்டி கைவைக்கத் தகுந்த இடம் இதுதான். விளிம்புகளின் கூர்மை மட்டும் உண்மையான ஆபத்து; பாதசாரி மேல் பட்டால் கிழிக்கும். பிரிட்டனில் தனியார் கட்டிய கார்களுக்கு 2009 முதல் நடக்கும் அரசுப் பரிசோதனையில், வெளியே தொடக்கூடிய விளிம்புகள் குறைந்தது 2.5 மி.மீ. ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. தகட்டு வேலைக்காரர்களோ வெகு காலமாகவே ஓரத்தில் கம்பியை வைத்து, தகட்டை அதன்மேல் சுருட்டி மூடி வந்திருக்கிறார்கள். விளிம்பு விறைப்பாகும், அதிராது, கையையும் கிழிக்காது. வீட்டில் கட்டுவதையே தடைசெய்வதைவிட, கட்டி முடித்ததை இப்படி அளந்து பார்த்து அனுமதிப்பது அறிவுள்ள ஏற்பாடு. கலிஃபோர்னியாவிலும் தனியார் கட்டிய வண்டிகளைப் பதிவுசெய்யத் தனிப் பிரிவு இருக்கிறது. புகைச் சோதனைக்கு எந்த ஆண்டின் இன்ஜினாகக் கருதுவது என்று தேர்ந்துகொள்ளும் சலுகை ஆண்டுக்கு 500 வண்டிகளுக்குத்தான் என்பது வேறு விஷயம்.

எனக்குக் குறை தோன்றுவது இந்தப் பொழுதுபோக்கின் இன்னொரு மூலையில். கான்சாஸின் மக்ஃபர்சன் கல்லூரி பழைய கார்களைப் புதுப்பிப்பதில் நான்காண்டுப் பட்டமே தருகிறது. தகட்டு வேலையும் அதில் பாடம். கற்பிப்பது அந்த அளவுக்கு வளர்ந்த நாட்டில், பரிசு கொடுப்பது மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. 1950இல் ஓக்லாந்தில் தொடங்கி இப்போது பொமோனாவில் நடக்கும் கிராண்ட் நேஷனல் ரோட்ஸ்டர் கண்காட்சியில், மிக அழகான ரோட்ஸ்டர் வகைத் திறந்த காருக்கு ஒன்பது அடி உயரக் கோப்பை உண்டு. அங்கே வந்து நிற்கும் கார்களில் பெயின்ட் ஆழமாக மின்னும். அதற்குக் கீழே தகடு எவ்வளவு, பட்டி எவ்வளவு என்று பார்வையாளருக்குத் தெரியாது. ஒரு தகட்டைச் செய்தவர் என்ன யோசித்தார் என்பது அதன் பின்பக்கத்தில்தான் இருக்கும்: எங்கே ஒட்டியிருக்கிறார், ஒட்டு உள்ளே ஊடுருவியிருக்கிறதா, எங்கே சுருக்கினார், எந்த இடத்தை விட்டுக்கொடுத்துப் பட்டியால் சமாளித்தார் எல்லாம் அங்கே தெரியும். பெரிய பட்டறைகள் பெயின்ட் அடிப்பதற்கு முன் எடுத்த படங்களைச் சில சமயம் வெளியிடுகின்றன. அதிலும் தேறிய பாகம்தான் வரும், குப்பைக்குப் போன முதல் இரண்டு தகடுகள் வராது. கற்கிறவருக்கு அந்த இரண்டும்தான் வேண்டும். வெட்டிய காகித மாதிரி, ஆரம்பக் கனம், முடித்த கனம், எத்தனை முறை இளக்கியது, எங்கே கிழிந்தது என்று ஒரு பக்கத் தாளை ஒவ்வொரு காரோடும் வைக்கச் சொல்லலாம். மதிப்பெண்ணில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கலாம். பானட்டைத் திறந்து அதன் உட்புறத்தையும் காட்டச் சொல்லலாம். இது பெரிய செலவு பிடிக்கும் சீர்திருத்தமும் அல்ல. இத்தகைய கண்காட்சிகளில் அடிச்சட்டத்தின் குரோம் பளபளப்பைக் காட்டுவதற்காகக் காருக்குக் கீழே ஏற்கெனவே கண்ணாடி போட்டு வைக்கிறார்கள். அதில் இரண்டைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்தால் போதும்.